தாலாட்டின் ஏழாம் திங்கள்

கொடைரோடு ரயில் நிலையத்தின் நடைமேடையில் விடிவதற்கு நெடுநேரம் முன்பே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். மதுரைக்கு வேலைக்குச் செல்வோர், கொடைக்கானல் போவதற்காக வந்திறங்கிய வெளியூர்ப் பயணியர், கூடையும் சாக்குமாக வியாபாரத்துக்குக் கிளம்பியோர் என அந்நேரத்திலும் அங்கே ஒரு சிறு ஊர் விழித்திருக்கும். சில மாதங்களுக்கு முன் அப்படியொரு வைகறையில் மதுரை வண்டிக்காக நாம் காத்திருந்தபோது, பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் அமர்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்து, பூக்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி. முன்பின் அறிமுகம் இல்லாத இருவரும் பேசத் தொடங்கினர்.

“ஏந் தாயி, ராவெல்லாம் முழிப்போ? கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு.”

“நாலு வாட்டி எந்திரிக்கிறான் பெரியம்மா. ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. இந்நேரத்துக்கு ராமுழுக்கத் தூங்கணுமாம். போன்ல போட்டிருக்கு. எங்கிட்டத்தான் ஏதோ குறைன்னு நெனைக்கிறேன்.”

“பிள்ளைன்னா எந்திரிக்கத்தான் செய்யும். அதை விடு. ராத்திரி உன்கூட யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. அவரு மில்லுல. இந்த வாரம் நைட் ஷிப்டு.”

இந்த உரையாடலில் இரண்டு வினாக்கள் உள்ளன. குழந்தை எப்போது இரவு முழுவதும் உறங்கும் என்பது ஒன்று. குழந்தை விழிக்கும்போது தாயோடு யார் விழித்திருக்கிறார் என்பது மற்றொன்று. முதல் வினா இன்று உலகெங்கும் இளந்தாயரின் உள்ளத்தை அரிக்கின்றது. அதற்கு வயது ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் இருக்கலாம். இரண்டாவது வினா மிகப் பழையது. நம் இலக்கியத்தில் அதற்கு நீண்ட தடம் உண்டு. இவ்விரண்டும் எவ்வாறு இடம் மாறின என்பதை இக்கட்டுரையில் காண முயல்வோம்.

இரவு என்பது ஒரே துண்டு அன்று என்று நம் முன்னோர் கருதினர். தொல்காப்பியம் கூறும் சிறுபொழுதுகளுள் மாலை, யாமம், வைகறை மூன்றும் இரவைப் பகுத்துக்கொள்கின்றன. சிறுபொழுதுகளை ஆறாகக் கொள்ளும் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். மாலை முல்லைக்கும், யாமம் குறிஞ்சிக்கும், வைகறை மருதத்துக்கும் உரியவை என்பதை நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். ஒவ்வொரு பொழுதிலும் யாரோ ஒருவர் விழித்திருக்கிறார் என்பதுதான் அக இலக்கியத்தின் அடிப்படை: மாலையில் காத்திருப்பவள், யாமத்தில் வருபவன், வைகறையில் ஊடுபவள். பிறந்த சில வாரங்களுக்குள் இருக்கும் குழந்தை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு விழிக்கும். பழைய கணக்கின்படி அது பொழுதுக்கு ஒருமுறையோ இருமுறையோ விழிக்கிறது, அவ்வளவே. இரவை மூன்றாகக் கண்டவர்களுக்கு அது முறைகேடாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை.

அடுத்து, பிள்ளைத்தமிழ். பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிலிட்டுப் பாடினார். குலசேகராழ்வார் இராமனுக்குத் தாலாட்டுப் பாடினார். இந்த ஊற்றிலிருந்து வளர்ந்த பிள்ளைத்தமிழ் 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழாகவும், 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழாகவும் செழித்தது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொதுவான ஏழு பருவங்கள். பின்னுள்ள மூன்று மட்டும் வேறுபடும். தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டி ஒலியெழுப்பிப் பாடுவதால் தாலாட்டு.

பாட்டியல் நூல்கள் இப்பருவங்களுக்கு மாதக்கணக்கு வகுத்துள்ளன. பரவலாக வழங்கும் கணக்கில் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் அவை அமையும். அக்கணக்கின்படி காப்பு மூன்றாம் திங்களுக்கும் செங்கீரை ஐந்தாம் திங்களுக்கும் உரியன. தால் ஏழாம் திங்களுக்கு உரியது.

இதை நாம் நெடுங்காலம் வெறும் இலக்கணச் செய்தியாகவே நடத்திவந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் தாற்பருவத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, முன்வரிசை மாணவி ஒருத்தி மேசையில் தலைவைத்து உறங்கிவிட்டாள். எழுப்பியபோது அவள் சொன்ன காரணம், வீட்டில் ஏழு மாதக் குழந்தை. வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. உறங்கவைக்கும் பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய நாம், அப்பாட்டைப் பாடுகிறவள் எப்போது உறங்கினாள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்றுதான் அந்த எண், ஏழு, கண்ணை உறுத்தியது. பாட்டியலார் உறக்க ஆராய்ச்சி செய்தவர்கள் அல்லர். மரபையும் எண்ணொழுங்கையும் பேணியவர்கள். அவர்கள் சொன்னதை மருத்துவ உண்மையாக்குவது நம் நோக்கமன்று. எனினும் ஒன்றை மறுக்க இயலாது. ஏழாம் திங்களிலும் ஒரு குழந்தைக்குத் தொட்டிலருகே ஒருவர் நின்று பாட வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் இயல்பாக எடுத்துக்கொண்டனர். இன்றைய கைப்பேசி அறிவுரை எந்த மாதத்தில் குழந்தை தானே உறங்கக் கற்றிருக்க வேண்டும் என்கிறதோ, அதே காலத்தில்தான் நம் மரபு தாலாட்டைத் தொடங்கிவைக்கிறது.

ஏட்டிலக்கியத்தை விட்டு நாட்டுப்புறத்துக்கு வந்தால் இச்செய்தி இன்னும் தெளிவாகும். கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த மலையருவி, நா.வானமாமலை தொகுத்த தமிழர் நாட்டுப் பாடல்கள் முதலிய தொகுப்புகளைப் புரட்டினால், தாலாட்டுகளில் உறக்கத்தைவிட உறவினரே மிகுதியாக இடம்பெறுவதைக் காணலாம். குழந்தை அழுததற்குக் காரணம் மாமனா, அத்தையா, பாட்டியா என்று ஒவ்வொருவராகக் கேட்டுச் செல்வது ஒரு வகை. தாய்மாமன் கொண்டுவரும் சீரை அடுக்கிச் சொல்வது இன்னொரு வகை. இதனைப் பிறந்தகப் பெருமை என்று விளக்குவது வழக்கம். நாம் வேறொன்றும் காண்கிறோம். நள்ளிரவில் தனித்து விழித்திருக்கும் ஒரு பெண், உதவிக்கு வரக்கூடியவர்களின் பெயர்களை வரிசையாக அழைத்துப் பார்க்கிறாள். பாட்டில் வரும் உறவினர் எல்லாரும் அந்நேரம் உறங்கிக்கொண்டிருக்கலாம். ஆயினும் காலையில் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவராவது இருப்பார் என்ற நம்பிக்கை அப்பாட்டுக்குள் இருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு ஓர் அமைப்பும் இருந்தது. தலைப்பிள்ளைப்பேறு தாய்வீட்டில். விட்டத்திலிருந்து தொங்கும் தூளி, அதற்குத் தாயின் பழம்புடவை. ஒருத்தி அடுப்படியில் இருந்தபடியே கயிற்றை இழுத்து ஆட்டலாம். திண்ணையில் படுத்திருக்கும் கிழவியும் காலால் ஆட்டலாம். எண்ணெய் தேய்த்து, கால்நீட்டி அமர்ந்த பாட்டியின் காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டினால் குழந்தை அயர்ந்து உறங்கும். வயிற்றுப் பொருமலுக்கு உரைமருந்து. அதில் வசம்பு ஒன்று. அதற்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். இரவில் அதன் இயற்பெயரைச் சொல்லலாகாது என்பதால் ‘பேர் சொல்லா மருந்து’ என்றும் வழங்குவர். இவையெல்லாம் பயன் தந்தனவா என்பது வேறு கேள்வி. கைக்குழந்தைக்கு நாட்டு மருந்தை உரைத்துக் கொடுப்பதை இன்றைய குழந்தை மருத்துவர்கள் விலக்குகின்றனர். தாய்ப்பாலன்றி வேறெதுவும் முதல் ஆறு மாதம் வேண்டா என்கின்றனர். தூளியைவிடச் சமதளத்தில் மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பு என்பதும் அவர்கள் கூற்று. அதை மதிக்கவே வேண்டும். நாம் இங்கே சுட்ட விரும்புவது கைகளின் எண்ணிக்கையை. ஒரு குழந்தையின் ஒருநாள் உறக்கத்துக்குள் நான்கைந்து பேருடைய உழைப்பு கலந்திருந்தது.

இந்த அமைப்பைப் பொற்காலம் என்று போற்றுவதற்கில்லை. அவ்விழிப்புக்குள் அச்சமும் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதலாண்டு நிறைவதற்குள் மடிந்தது. இரவில் விழித்துக் குழந்தையின் மூச்சைத் தொட்டுப் பார்த்த தாய்க்கு, அது அழுதால் நிம்மதி. அழாமல் நெடுநேரம் கிடந்தால்தான் கலக்கம். நீண்ட உறக்கம் நற்செய்தியாக மாறுவதற்கு முதலில் குழந்தைகள் சாகாதிருக்க வேண்டியிருந்தது. பிள்ளைத்தமிழ் காப்புப் பருவத்தோடு தொடங்குவதன் பொருள் இங்கே விளங்கும்.

அவ்வச்சம் குறைந்த வரலாற்றின் ஓர் இயல் கொடைரோட்டுக்கு அருகிலேயே எழுதப்பட்டது. அடுத்துள்ள அம்பாத்துரை, சின்னாளப்பட்டிப் பகுதியில் 1947 அக்டோபர் 7 அன்று காந்திகிராமம் தொடங்கப்பெற்றது. அதை நிறுவிய டாக்டர் டி.எஸ்.சௌந்தரம், தொழிலதிபர் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள். இளமையிலேயே கணவரை இழந்து, பின் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். சின்னாளப்பட்டியில் இரண்டு படுக்கைகளோடு அவர் தொடங்கிய சிறு மருத்துவ நிலையமே கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. பேறுகாலத்துக்கும் குழந்தை நலத்துக்கும் சுற்றுவட்டாரம் முழுவதும் அதை நாடியது. இது போன்ற மருத்துவமனைகளும், கிராமச் செவிலியரும், தடுப்பூசியும், பிற முன்னேற்றங்களும் சேர்ந்து, 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழகத்துச் சிசு இறப்பை ஆயிரத்துக்கு 13 என்னும் அளவுக்குக் கொண்டுவந்தன. நம் பாட்டிமார் இருளில் மூச்சைத் தொட்டுப் பார்த்த நடுக்கம் இன்றைய தாய்க்குப் பெரும்பாலும் இல்லை. அவ்விடத்தில் வேறொரு கலக்கம் வந்து அமர்ந்துகொண்டது. அது வந்த வழியைக் காண, முதலில் இந்த ரயில் பாதைக்கே திரும்புவோம்.

திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே 1875-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இன்று கொடைரோடு எனப்படும் நிலையம் அக்காலத்தில் ஊர்ப்பெயரால் அம்மையநாயக்கனூர் என்றே வழங்கியது. கொடைக்கானலின் தோற்றமே குழந்தைகளோடு தொடர்புடையது. 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், சில ஆண்டுகளுக்குள் பெரியவரும் சிறுவருமாகப் பலரை நோய்க்குப் பறிகொடுத்த பின்னர், எஞ்சியோரைக் காக்க 1845-இல் மலைமேல் இரு வீடுகளைக் கட்டினர். மோட்டார்ச் சாலை வருவதற்கு முன், ரயிலில் வந்தவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் இரவெல்லாம் முப்பது மைலுக்கு மேல் பயணம் செய்து மலையடிவாரத்துத் தோப்பை அடைந்து, அங்கிருந்து நாற்காலிகளில் சுமந்து ஏற்றப்பட்டனர். வெயிலுக்கு அஞ்சியே இரவுப் பயணம்.

அவ்வண்டிகளில் உறங்கிய வெள்ளைக் குழந்தைகளோடு விழித்து வந்தவர்களுள் ஆயாக்களும் உண்டு. ஆயா என்னும் சொல்லே போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. தென்னிந்தியாவில் இப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் ஏழைத் தமிழ்ப் பெண்கள். அவர்கள் தம் மொழியில், தாம் அறிந்த தாலாட்டைத்தான் பாடியிருப்பர். தம் பிள்ளைகளை வேறொருவரிடம் விட்டுவந்து, பிறர் பிள்ளைக்காக அவர்கள் விழித்திருந்தனர். அவர்களைப் பற்றி ஆங்கிலக் குடும்பக் கையேடுகள் விட்டுச்சென்ற குறிப்புகளில் நன்றியைவிட ஐயமே மிகுதி. குழந்தை அளவுமீறி நன்றாக உறங்கினால் ஆயா அபினி கொடுத்திருப்பாள் என்பது அவற்றில் அடிக்கடி வரும் எச்சரிக்கை.

அபினிக் கதையில் உண்மையும் உண்டு. ஆயின் அது ஆயாவின் இனம் பற்றியதன்று. தாயின் வேலை நேரம் பற்றியது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் காட்ஃப்ரே கார்டியல் என்னும் அபினிக் கலவையைத் தாயரும் தாதியரும் குழந்தைகளுக்குக் கொடுத்தனர். அமெரிக்காவில் 1849-இல் சந்தைக்கு வந்த திருமதி வின்ஸ்லோ அமைதிப் பாகில் மார்ஃபின் இருந்தது. அத்தகைய மருந்துகளில் என்ன இருக்கிறது என்று புட்டிமேல் எழுத வேண்டும் எனச் சட்டம் வந்ததே 1906-இல்தான். பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைசெய்த பெண்கள் குழந்தைக்கு அபினிக் குளிகை கொடுத்து உறங்கவைத்துவிட்டு வேலைக்குப் போனதை 1920-களின் விசாரணைகள் பதிவுசெய்தன. 1929-இல் அமைக்கப்பட்டு 1931-இல் அறிக்கையளித்த விட்லி தொழிலாளர் ஆணையமும் இதைக் கவனத்தில் கொண்டு, ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. மான்செஸ்டராயினும் பம்பாயாயினும் காரணம் ஒன்றே. ஆலைச் சங்கு குறித்த நேரத்தில் ஊதுகிறது. குழந்தையின் உறக்கம் அச்சங்குக்கு இணங்குவதில்லை. வீட்டில் விழித்திருக்க ஆளில்லாதபோது, குழந்தையை உறங்கச்செய்யும் பொறுப்பு ஒரு குளிகையின்மேல் விழுந்தது.

அபினி விலக்கப்பட்ட பின்னும் சங்கு ஓயவில்லை. மருந்து செய்த வேலையை இனிப் பழக்கம் செய்யட்டும் என்றனர் மேலைநாட்டு மருத்துவர்கள். அமெரிக்காவின் எம்மெட் ஹோல்ட் 1894-இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்புக் கையேடு தாயருக்கும் தாதியருக்கும் வினாவிடையாக எழுதப்பட்டது. தொட்டிலாட்டுவது தேவையற்ற, தீங்கும் தரக்கூடிய பழக்கம் என்பது அவர் கருத்து. நியூசிலாந்தில் ட்ரூபி கிங் 1907-இல் தொடங்கிய பிளங்கெட் சங்கம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால், இரவில் பாலே இல்லை என்னும் ஒழுங்கைப் பரப்பிற்று. அந்தக் கடிகார ஒழுங்கு பிரித்தானியப் பேரரசின் பல பகுதிகளுக்குப் பரவியது. தொட்டில் அங்கே வழக்கொழிந்து, தனியறையும் கம்பியிட்ட கட்டிலும் வந்தன. குழந்தை ‘நல்ல பிள்ளை’யா என்பதற்கு இரவில் அழாமை அளவுகோலாயிற்று.

பிறகு அறிவியல் வந்தது. சிகாகோவின் கிளைட்மன், ஏங்கல்மன் இருவரும் குழந்தைகளின் உறக்கத்தை வாரக்கணக்கில் பதிவுசெய்து 1953-இல் வெளியிட்டனர். பகல், இரவு என்னும் வேறுபாடு பிறவியிலேயே இல்லை, முதல் சில மாதங்களில் மெல்ல உருவாகிறது என்பது அதனால் தெளிவாயிற்று. 1957-இல் லண்டனில் மூர், யூக்கோ ஆகியோர் 160 குழந்தைகளை ஆராய்ந்தனர். மூன்று மாதத்தில் நூற்றுக்கு எழுபது குழந்தைகள் இரவில் ‘அமைதியடைந்து’விடுகின்றன என்று அவர்கள் சொன்னது இன்றுவரை பல நூல்களில் எதிரொலிக்கிறது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட இரவு எது? நள்ளிரவு பன்னிரண்டு முதல் விடியற்காலை ஐந்து வரை. ஐந்தே மணி நேரம். யாமத்தின் பாதியும் வைகறையின் பெரும்பகுதியும். அதிலும் பத்தில் ஒரு குழந்தை முதலாண்டு முழுவதும் அவ்வாறு இடையறாது உறங்கவேயில்லை. நூல்களில் எண் மட்டும் நின்றது. இரவின் அளவு மறைந்துபோயிற்று. இளந்தாய் ‘இரவு முழுவதும்’ என்று படிக்கும்போது எட்டு மணி நேரத்தை எண்ணிக்கொள்கிறாள்.

2018-இல் கனடாவிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று இந்த மயக்கத்தைப் பெருமளவு தீர்க்கிறது. பெனஸ்ட்ரி குழுவினர் கண்டது இது: ஆறு மாதத்தில் நூற்றுக்கு 38 குழந்தைகள் தொடர்ந்து ஆறு மணி நேரம்கூட உறங்குவதில்லை, 57 குழந்தைகள் தொடர்ந்து எட்டு மணி நேரம் உறங்குவதில்லை. ஓராண்டு நிறைந்த பின்னும் இவ்வெண்கள் முறையே 28, 43. விழிக்கும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியிலோ உடல் இயக்க வளர்ச்சியிலோ குறைவு எதுவும் அவ்வாய்வில் தென்படவில்லை. அதாவது, எட்டு மணி நேரம் என்று கொண்டால் ஆறு மாதத்தில் உறங்காத பிள்ளைகளே பெரும்பான்மை. நம் பாட்டியலார் ஏழாம் திங்களுக்குத் தாலை வைத்ததில் நடைமுறைக்கு முரணானது எதுவும் இல்லை.

பிற செய்திகளும் தாயின் பக்கமே பேசுகின்றன. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் உண்டு. பகற்பாலில் அது அநேகமாக இல்லை. தாய் எடுத்துக்கொண்டு நடந்தால் குழந்தையின் இதயத்துடிப்புத் தணிகிறது என்று ஜப்பானின் குரோடா குழுவினர் 2013-இல் காட்டினர். அழும் குழந்தையை ஐந்து நிமிடம் சுமந்து நடந்து, உறங்கிய பின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து, பிறகே கிடத்த வேண்டும் என்று 2022-இல் அதே குழு அறிவுறுத்தியது. நம் கிழவியர் இதைக் கேட்டால் சிரிப்பர். 17 நாடுகளிலும் பகுதிகளிலும் 29,287 குழந்தைகளைக் கொண்டு 2010-இல் வெளியான மின்டெல் குழுவினரின் ஒப்பாய்வில் இந்தியாவும் இடம்பெற்றது. ஆசியக் குழந்தைகள் மேலைநாட்டுக் குழந்தைகளைவிடப் பிந்தி உறங்கச் செல்கின்றனர், பெற்றோரோடு ஒரே அறையில் உறங்குவோரும் மிகுதி என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. தனியறைக் குழந்தைக்கு வகுத்த கணக்கைத் தாயின் முந்தானையைப் பற்றி உறங்கும் குழந்தைக்கும் பொருத்திப் பார்ப்பதில் உள்ள இடர்ப்பாடு இதனால் புலப்படும்.

ஆகவே, அந்த நடைமேடைப் பெண்ணின் குழந்தையிடம் குறையில்லை, அவளிடமும் இல்லை. எனினும் இதை மட்டும் சொல்லி முடித்தால் பாதி உண்மையே சொன்னவர்களாவோம். ஏழாம் திங்களிலும் குழந்தை விழிப்பது இயல்பு என்பதை மரபு அறிந்திருந்தது என்றால், அவ்விழிப்பைப் பலர் பகிர்ந்துகொண்டனர் என்பதாலேயே அதை இயல்பாகக் கொள்ள முடிந்தது. அப்பகிர்வு இன்று எங்கே?

இப்பகுதியையே எடுத்துக்கொள்வோம். நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை பறிப்போர் மொட்டு விரியுமுன் கொய்தாக வேண்டும் என்பதால் இருட்டோடு வயலுக்குப் போகின்றனர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிப்போரும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்து நூற்பாலைகள் மூன்று ஷிப்டுகளாக ஓடுகின்றன. யாமமும் வைகறையும் இங்கே கூலி நேரங்கள். தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு கணவன் வீட்டுக்கோ வாடகை அறைக்கோ வந்துசேரும் பெண்ணுக்கு, கயிற்றை இழுத்து ஆட்ட மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை. அவர்களும் வேலைக்குப் போகிறார்கள். பாட்டி ஆலை வாயிலில் சமோசா விற்கிறாள்.

சட்டம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1934-இன் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளுக்கான அறையைக் கோரும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு அளித்தது. 1948-இன் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1976-இல் அவ்வெண் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1961-இன் மகப்பேறு நலச் சட்டம் அளித்த பன்னிரண்டு வார விடுப்பு 2017-இல் இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. தமிழக அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு. இவை அரிய பேறுகள். ஆயினும் இருபத்தாறு வாரம் என்பது ஆறு மாதம். தாற்பருவம் தொடங்கும் நேரத்தில் விடுப்பு முடிந்துவிடுகிறது. பூப்பறிப்பவளுக்கு அந்த விடுப்பும் எட்டுவதில்லை. காப்பகம் பகலைப் பார்த்துக்கொள்கிறது. இரவுக்குச் சட்டம் இல்லை. அது வீட்டுக்குள் ஒருவர் தலையில் விழுகிறது, அந்த ஒருவர் பெரும்பாலும் தாய். ஆண்கள் தாலாட்டுப் பாடக்கூடாது என்று எந்தப் பாட்டியலும் விதிக்கவில்லை. பெரியாழ்வாரும் குலசேகரரும் ஒட்டக்கூத்தரும் குமரகுருபரரும் ஆடவரே. தாயின் குரலைத் தம் குரலாகக் கொண்டு அவர்கள் பாடிய பாட்டுகளை நாம் ஆயிரம் ஆண்டுகளாகப் போற்றுகிறோம். அக்குரலை ஏற்கத் தெரிந்த மரபுக்கு, இரவில் ஒருமுறை எழுந்து தூளியை ஆட்டுவது அப்பாற்பட்டதாக இருக்க வேண்டியதில்லை.

தாற்பருவத்தை இப்போதும் ஆண்டுதோறும் நடத்துகிறோம். அணிநயத்துக்கு முன்னர் ஒரு கேள்வியை மாணவரிடம் கேட்டுவிடுகிறோம்: உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தபோது இரவில் எழுந்தவர் யார்? சிலர் உடனே விடை சொல்கின்றனர். பலர் யோசிக்கின்றனர். ஒருசிலர் வீட்டுக்குப் போய்த் தாயிடம் கேட்டுவந்து மறுநாள் சொல்கின்றனர்.

அன்று கொடைரோட்டில் வண்டி சற்றுத் தாமதமாக வந்தது. ஏறியதும் அந்த மூதாட்டி பூக்கூடையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, “எங்கிட்டக் குடு, நீ செத்த நேரம் கண்ணை மூடு” என்று குழந்தையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டாள். சோழவந்தான் தாண்டும்போது குழந்தை விழித்துச் சிணுங்கியது. கிழவி காலை ஆட்டியபடி ஏதோ முணுமுணுத்தாள். சொற்கள் நம் காதில் விழவில்லை. சன்னலில் தலைசாய்த்திருந்த அந்தப் பெண் மதுரை வரும்வரை விழிக்கவில்லை.